ஊருணி தெளிந்த நாள்

ராஜரத்தினம் எங்களுக்குக் காபி கொடுத்தார். கொடுத்த கையோடு, "இது செண்பகத்தோப்பு ஓடைத் தண்ணியில போட்ட காபி. எனக்குன்னு டெய்லி ஜீப்புல ரெண்டு டிரம் வருது" என்றார். அவருடைய பேக்டரி காலனியில் முப்பத்தோரு பேர் ஊருணித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் தன் காபியின் பூர்வீகத்தைச் சொல்லத் தோன்றுகிறதென்றால், அது ஒரு தனி மனசுதான்.

"காலனிக்கும் அந்த ஜீப்பு போவுதா மொதலாளி?" என்று கேட்டேன்.

உப்பிலி சார் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

உப்பிலி சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தீ விபத்துகளை விசாரித்தவர். எரிந்தது பஞ்சா, இல்லை பஞ்சு என்று எழுதப்பட்ட பழைய சாக்கா என்பதை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கினாலேயே வேலை போயிற்று. நான் பால்பாண்டி. ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றிலிருந்து வாய்க்காக வெளியே அனுப்பப்பட்டவன். ஒரு மூக்கும் ஒரு வாயும் கூட்டுச் சேர்ந்து நடத்துகிற துப்பறியும் தொழில் எங்களுடையது. மூலதனம் என்னுடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள்.

"எனக்கு வேண்டியது ஒரே ஒரு லெட்டர்" என்றார் ராஜரத்தினம். "புண்ணுக்குக் கட்டுத என் காஸ் துணியும் பேண்டேஜும் வடக்க பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவுது. எவனோ ஒரு நாறப்பய பேப்பர்ல 'ஊருணியில் விஷம்'னு போட்டுட்டான். பம்பாய்க்காரன் போன் பண்ணி, அந்தத் தண்ணியிலதானே துணி வெளுக்கீங்கன்னு கேக்கான். தண்ணியில கோளாறு இல்ல, பம்ப் ஆபரேட்டர் இருளப்பசாமி செஞ்ச சதின்னு விசாரிச்சு எழுதிக் குடுங்க. ஆளு ஸ்டேசன்ல இருக்கான். ஒத்துக்கிட்டான்."

"ஒத்துண்டாச்சுன்னா நான் எதுக்கு?" என்றார் உப்பிலி சார்.

"போலீஸ் சொன்னா எவன் சார் நம்புறான்?"

அன்றைக்கு அவர் சொன்னதில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

கிளம்பும்போது ஆபீஸ் சுவரில் தொங்கிய ஒரு பலகையைக் காட்டினார். அதில் விரல் நீளத்துக்கு வெட்டிய காஸ் துணித் துண்டுகளை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி. தினமும் காலை ஏழு மணிக்கு ஊருணித் தண்ணீரில் ஒரு துண்டை முக்கி, காயவைத்துக் குத்துவார்களாம். துணி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் சுத்தம்.

"இது நான் கண்டுபிடிச்ச டெஸ்ட். லேபு, கீபு ஒண்ணும் வேண்டாம். வெள்ளைத் துணி பொய் சொல்லாது" என்றார். முப்பது வருஷம் துணி வெளுத்தவருக்கு உலகத்தில் அழுக்கு என்றால் கறை. கறை இல்லையென்றால் அழுக்கே இல்லை.

உப்பிலி சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பலகையின் முன்னால் நின்றார். ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து துண்டுகள் பச்சை ஏறிக்கொண்டே போயின. பதினைந்தாம் தேதித் துண்டு கீரை மசித்த துணி. பதினாறும் பதினேழும் பச்சை இல்லை, இளநீலம். பதினெட்டிலிருந்து நேற்று, அதாவது இருபத்தைந்து வரைக்கும் பளீர் வெள்ளை.

"முதல் ஆள் என்னிக்குப் படுத்தது?"

"இருபத்தொண்ணு. அதனாலதான் சொல்றேன், இருபதாம் தேதி அந்தப் பய எதையோ கலந்திருக்கான்."

"பச்சையா இருந்த தண்ணி பதினெட்டாம் தேதி எப்படி வெள்ளையாச்சு?"

"தன்னால தெளிஞ்சிருச்சு" என்று ராஜரத்தினம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

*

இன்ஸ்பெக்டர் சமுத்திரம் எங்களைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"கேஸ் முடிஞ்சுபோச்சு சாமி. நீங்க எதுக்கு வெயில்ல அலையுதீக? நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல நிறுத்தப் போறோம். மாஜிஸ்திரேட்டு கிட்டயும் இதையே சொல்லுவேங்கான். முப்பத்தோரு கொலைமுயற்சி. ஆயுசுக்கும் உள்ளதான்."

வாக்குமூலத்தைக் காட்டினார். 'ஊருணியில் மருந்தைப் போட்டது நான்தான்.' கீழே கோணல் கையெழுத்து. அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில்கூட இதைவிட அதிக விவரம் இருக்கும்.

"மருந்துன்னா எந்த மருந்து?" என்றார் சார்.

"பூச்சிமருந்துதான்."

"அவன் சொன்னானா?"

"மருந்துன்னான். பொறவு என்ன, இருமல் மருந்தையா போட்டிருப்பான்?"

"தண்ணியைப் பரிசோதனை பண்ணினேளா?"

சமுத்திரம் டிராயரைத் திறந்து, வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "மதுரையில இருந்து வந்துச்சு. பூச்சிமருந்து இல்லையாம். லேசா செம்பு இருக்காம், அதுவும் குடிக்கிறதுக்குக் கெடுதி இல்லாத அளவாம். லேபுல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

"ஆமா சார்" என்றேன். "அவனுக்கு மைக்ராஸ்கோப்புதான் தெரியும். நமக்கு லத்தி தெரியும்."

"ஏலே, உன்னையும் உள்ள வைக்கணுமா?"

உப்பிலி சார் அதற்குள் கம்பிக் கதவுக்குப் போய்விட்டார். இருளப்பசாமிக்கு நாற்பது வயசிருக்கும். சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"எம்மவ வெள்ளத்தாயி இருக்காளா சாமி? ஒம்பது வயசு. ஆஸ்பத்திரியில கெடக்கா."

எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் சார் கண்ணிமைக்காமல், "இருக்கா" என்றார். இன்சூரன்ஸ் ஆசாமி இப்படிப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஊருணியில நீ போட்டது நிஜமா?"

"நாந்தான் போட்டேன். என் கையாலதான் போட்டேன். அளவுக்கு மேல போட்டுட்டேன் சாமி. சொன்னது பாதிச் சாக்கு. போட்டது முழுச் சாக்கு." அவன் தன் கையையே பார்த்தான். "பெத்த புள்ளைக்கே வச்சிட்டேன்."

"பாதிச் சாக்குன்னு சொன்னது யாரு?"

"சொன்னவக மேல தப்பில்ல. கையி என் கையி."

சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். வெளியே வந்து ராஜ்தூத்தை உதைத்தேன். அது மூன்றாவது உதைக்குத்தான் மரியாதை கொடுக்கும்.

"பாண்டி, விஷம் வெக்கறவன் அளவு கூடிப்போச்சேன்னு அழுவானாடா?"

"மாட்டான் சார். பாயசம் வைக்கிறவன்தான் சர்க்கரை கூடிப்போச்சேன்னு அழுவான்."

"அதேதான். இவன் பாயசம்னு நினைச்சுண்டுதான் போட்டிருக்கான். வண்டியைக் காலனிக்கு விடு."

*

காலனி என்பது பேக்டரிக்குப் பின்னால் இருந்த நாற்பது லைன் வீடுகள். ஊருணிக்குத் தெற்கே அரை பர்லாங். ஆனி மாசத்து மேல்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. இருளப்பசாமியின் மனைவி மாடத்தி எங்களைப் பார்த்ததும் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அழுது முடித்த முகம். எங்களிடம் அழ அவளிடம் மிச்சமில்லை.

"அந்த மனுசன் எறும்பை மிதிக்க யோசிப்பாக. அவிய விஷம் வச்சாகளாம்! சங்கம் வைக்கணும்னு ரெண்டு வார்த்தை பேசினதுக்கு இம்புட்டுப் பழியா?"

"கோவப்படாதீங்க மதினி. தண்ணி பச்சையா இருந்தப்ப யாருக்காவது மேலுக்கு முடியாமப் போச்சா?" என்று கேட்டேன்.

"பச்சையா இருந்தப்ப எவன் குடிச்சான்? மொடைநாத்தம் அடிக்கும். ஒன்றரை மைல் நடந்து தோட்டத்துக் கிணத்துல எடுத்தோம். பதினெட்டாந்தேதி குழாயில கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஊரே குடத்தைத் தூக்கிட்டு ஓடுச்சு. நான் எம்புள்ளைக்குக் கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். வடிகட்டித்தான் குடுத்தேன். காஸ் துணிக்கா இங்க பஞ்சம்? எட்டு மடிப்பு மடிச்சு வடிகட்டினேன்."

உப்பிலி சார் நோட்டை எடுத்து எழுதினார். 'பச்சை – குடிக்கவில்லை. தெளிவு – குடித்தார்கள். கொதிக்க வைத்தும் பலனில்லை.'

"உன் ஆத்துக்காரர் ஊருணியில எதையோ போட்டேன்கறாரே, என்னதும்மா அது?"

மாடத்தி உள்ளே போய் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து போட்டாள். "பதினஞ்சாந்தேதி விடியக்காலம் லாரி டியூப்புல மெதந்துக்கிட்டே இதைக் கயித்துல கட்டி ஊருணி பூரா இழுத்தாக. சுத்தம் பண்ணுத மருந்துன்னு சொன்னாக. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

சாக்கின் மூலையில் நீலக் கற்கண்டு போல நாலு கட்டி ஒட்டியிருந்தது. எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. "மயில்துத்தம் சார்! செம்பு உப்பு. தோட்டத்துல இலைக்கு அடிப்பாங்க. கேஸ் முடிஞ்சுது. துத்தம்தான் விஷம்."

"செம்பு குடிக்கலாங்கற அளவுதான்னு லேபுக்காரன் எழுதியிருக்கானே?"

"லேபுல இருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் இது சமுத்திரத்தின் வசனம் என்று உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

மாடத்தியைக் கூட்டிக்கொண்டு சார் ஊருணிக்குப் போய்க் கரையில் நடக்க ஆரம்பித்தார். ஒரு காலத்தில் ஊர் குடித்த ஊருணி. இப்போது பேக்டரி வேலிக்குள் இருக்கிறது. தண்ணீர் அடித்தரை தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது. கிழக்குக் கரையில் மட்டும் கல்லின் மேல் காய்ந்த பச்சைப் பொருக்கு, சுண்ணாம்பு அடித்த சுவரில் பெயின்ட் உதிர்ந்ததுபோல.

"இந்தக் கரையில மட்டும் ஏன் இவ்வளவு?"

"மேகாத்துதான் சாமி" என்றாள் மாடத்தி. "ஒரு மாசமா மேக்க இருந்து அடிக்குதுல்ல, பாசி அம்புட்டையும் இங்க கொண்டாந்து ஒதுக்கிரும். இதுலதான் எங்க வெள்ளாடு ரெண்டும் வாய வச்சு, அந்தி சாயுறதுக்குள்ள கையக் கால உதறிட்டுச் செத்துச்சு. மேக்குக் கரையில தண்ணி குடிச்ச ஆடுக நல்லாத்தான் இருந்துச்சு. பாம்பு கடிச்சிருக்கும்னு வாச்மேன் சொன்னாரு."

உப்பிலி சார் நின்றார்.

"ஆடு செத்தது என்னிக்கு?"

"பள்ளிக்கூடம் தொறந்த அன்னிக்கு. எட்டாந்தேதி. புதுப் பாவாடையோட எம்மவ ஆட்டுப் பக்கத்துல உக்காந்து அழுதா."

சார் குடையை மடக்கினார். அவர் குடையை வெயிலில் மடக்கினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"பாண்டி, சாக்கை இழுத்தது என்னிக்கு?"

"பதினஞ்சு."

"ஆடு செத்தது?"

"எட்டு." விரல் விட்டு எண்ணினேன். "குத்தவாளி வாறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே குத்தம் நடந்திருக்கு சார்."

"வண்டியை எடு. ஸாவித்ரியைப் பாக்கணும்."

*

டாக்டர் ஸாவித்ரி உப்பிலி சாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு பேரையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். வார்டில் இடமில்லாமல் குழந்தைகளைக் கட்டிலுக்கு இரண்டாகப் படுக்க வைத்திருந்தார்கள்.

"பூச்சிமருந்துன்னு போலீஸ் சொல்றா. பூச்சிமருந்துன்னா கண்ணுமணி ஊசிமுனையாச் சுருங்கியிருக்கும், வாயில எச்சில் ஒழுகும். இதுகளுக்கு அதெல்லாம் இல்லை, உப்பிலி அண்ணா. வாந்தி, ரத்தத்தோட பேதி, எல்லாருக்கும் ஈரல் வீங்கியிருக்கு. கிருமியும் இல்லை. கொதிக்க வெச்சுக் குடிச்சதுகளும் வந்திருக்கே."

"கொதிக்க வெச்சாலும் சாகாதது எது?"

"உயிரில்லாதது. உயிர் இருந்தாத்தானே சாகறதுக்கு?"

சார் ஆட்டுக் கதையைச் சொன்னார். துணித் துண்டுகளைப் பற்றியும் சொன்னார், குறிப்பாக அந்த இரண்டு நீலத் துண்டுகளைப் பற்றி. டாக்டரம்மா அலமாரியிலிருந்து தடியான ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். ஆஸ்திரேலியாப் பக்கம் ஏதோ ஒரு தீவு, எழுபத்தொன்பதாம் வருஷம் என்று காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கத்தை மாறி மாறிப் படித்தார்கள். படித்த குடும்பம். எனக்கு விளக்கம் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

நான் வார்டுக்குள் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஏற, ஒரு பெண் குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. கண்ணில் மஞ்சள்.

"உம் பேரு வெள்ளத்தாயா?"

தலையாட்டியது. "எங்க அய்யா எங்க?"

"வேலையா இருக்காரு."

"கஞ்சி வேண்டாம், பன்னு வேணும்னு டாக்டர் கிட்டச் சொல்லுங்க."

நர்ஸ் சிரித்தார். நேற்று வரைக்கும் கண்ணே திறக்காத பிள்ளையாம். உப்பிலி சார் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்துக்காக அன்றைக்கு நான் அவரை மன்னித்தேன்.

*

பேக்டரிக்குத் திரும்பியபோது மணி நாலு. போலீஸ் ஜீப் அங்கே நின்றது. குற்றவாளியை இடம் காட்டச் சொல்லிக் கூட்டிவந்திருந்தார் சமுத்திரம். இருளப்பசாமி கையில் விலங்கோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தான். விலங்கில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் பொண்ணு பன்னு கேக்குதுலே" என்று அவன் காதில் போட்டேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விலங்கோடு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

உள்ளே ராஜரத்தினம் இன்ஸ்பெக்டருக்குச் செண்பகத்தோப்புக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"லெட்டர் ரெடியா சார்?"

"ரெடி. வாசிக்கறேன், சரியான்னு பாருங்கோ" என்று உப்பிலி சார் நோட்டைப் பிரித்தார். "'ஜூன் பதினைந்து வரை பச்சையாக நாறிக்கொண்டிருந்த ஊருணி மூன்றே நாளில் பளிங்குபோல் தெளிந்தது. இந்த அரிய காரியத்தைத் தன் சொந்த மூளையால் யோசித்துச் செய்த பெருமை பம்ப் ஆபரேட்டர் இருளப்பசாமியையே சேரும்.'"

ராஜரத்தினத்தின் முகம் சிவந்தது. "என்னது?"

"பிடிக்கலையா? 'இவருடைய ரசாயன ஞானத்தைப் பாராட்டி'ன்னு இன்னொரு வரி இருக்கு."

"அவனுக்கு என்ன ஞானம்? மோட்டர் சுச்சைப் போடத் தெரியுமா அந்தப் பயலுக்கு? பம்பாய்ப் பார்ட்டி பதினெட்டாந்தேதி வாறாக, ஊருணி இப்படிப் பச்சையா இருந்தா துணியை எவன் வாங்குவான்னு யோசிச்சது நானு! மயில்துத்தத்தை எங்க வாங்கணும், எப்படிச் சாக்குல கட்டி இழுக்கணும், அம்புட்டும் நான் சொல்லிக் குடுத்தது. அவன் வெறும் கூலிக்காரன். பார்ட்டி வந்து கரையில நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாக சார்!"

சமுத்திரம் காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். நான் உப்பிலி சாரைப் பார்த்தேன். ஒரு மனுஷன் தலையில் பழியைப் போட்டால் நழுவுவான்; அவன் பெருமையை அடுத்தவனுக்குக் கொடுத்தால் ஓடிவந்து கையெழுத்துப் போடுவான். இன்சூரன்ஸில் கற்றது போலிருக்கிறது.

ராஜரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் ஆள் லேசில் விழுவதில்லை. "போட்டேன்தான். அதுக்கென்ன? விவசாய ஆபீசுல கேட்டுத்தான் போட்டேன். துத்தத்துல எவனும் சாகமாட்டான். லேபு ரிப்போர்ட்டே இருக்கு, குடிக்கலாம்னு. கேளுங்க இன்ஸ்பெக்டரை!"

"துத்தத்தைப் பத்தி யார் பேசினா?" என்றார் சார். "பாண்டி, அந்தப் பலகையை எடுத்துண்டு வா."

கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"இந்த நீலத் துண்டு ரெண்டும் என்ன?"

"துத்தம்தான். அது நீலம்தானே?"

"ஒரு சாக்குத் துத்தம் ஒரு ஊருணித் தண்ணியை இப்படி நீலமாக்காது. வேணும்னா இன்னொரு சாக்கு போட்டுப் பாரும். இது பாசியோட உடம்புக்குள்ள இருந்த நீலம். அதுக்குப் பேரே நீலப்பச்சைப் பாசி. அது உயிரோட இருக்கறச்சே பச்சையா மிதக்கும், நாறும், மாடு மனுஷன் எல்லாம் ஒதுங்கிப் போவா. அதுல ஒரு சில ஜாதிக்கு உள்ளுக்குள்ள விஷம். உம்ம ஊருணியில இருந்தது அந்த ஜாதி. அதை அப்படியே வாரித் தின்ன ஆடு ரெண்டு எட்டாந்தேதியே செத்துது, துத்தம் விழறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. நீர் என்ன பண்ணினீர்? துத்தத்தைப் போட்டு அத்தனை பாசியையும் ஒரே நாள்ல கொன்னீர். செத்த பாசி வெடிச்சு, உள்ள இருந்த நீலத்தையும் விட்டுது, விஷத்தையும் விட்டுது. நீலம் ரெண்டு நாள்ல போயிடுத்து. விஷத்துக்கு நிறம் கிடையாது. கொதிக்க வெச்சாலும் போகாது, துணியில வடிகட்டினாலும் நிக்காது. உம்ம வெள்ளைத் துணிக்கு அது தெரியவே தெரியாது."

"பச்சையா இருந்த வரைக்கும் ஊரு தப்பிச்சிருந்துச்சு மொதலாளி" என்றேன். "நீங்க சுத்தம் பண்ணித்தான் அத்தனை பேரையும் படுக்க வச்சீங்க."

"பாசியா? பாசியில போயி விஷமா?" ராஜரத்தினம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எந்த ஊருணியில பாசி இல்ல?"

"ஆஸ்திரேலியாவில ஒரு தீவுல இதே மாதிரி துத்தம் போட்டு, நூத்துச்சொச்சம் பேர் படுத்தா. பெரும்பாலும் குழந்தைகள். பதிமூணு வருஷம் ஆச்சு. அவாளும் உம்மைப் போலத் தண்ணியைச் சுத்தம்தான் பண்ணினா. அவா தெரியாமப் பண்ணினா. நீரும் தெரியாமத்தான் பண்ணினீர், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா ஊரே படுத்தப்புறம், துத்தம் போட்டது நான்தான்னு ஒரு வார்த்தை டாக்டர் கிட்டச் சொல்லியிருந்தா, அவ அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பா. பம்பாய்க்காரனுக்குத் தெரிஞ்சுடுமேன்னு வாயை மூடிண்டு, கூலிக்காரனைக் கம்பிக்குள்ள அனுப்பினீரே, அது தெரியாமப் பண்ணினது இல்லை."

சமுத்திரம் தொண்டையைக் கனைத்தார். அவருடைய கவலை வேறு.

"பாசிக்கு எந்த செக்ஷன் சாமி போடறது?"

"முதல்ல பூச்சிமருந்து செக்ஷனை எடும். பிறகு யோசிப்போம்."

"எழுதின எப்.ஐ.ஆரை எப்படி..."

"எழுதின கைதானே" என்றேன், "அடிக்கவும் செய்யும்."

அப்புறம் மூன்று பேரும் பேச ஆரம்பித்தார்கள். ராஜரத்தினம் வக்கீலைக் கூப்பிடுகிறேன் என்றார். சமுத்திரம் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். உப்பிலி சார், தான் எப்படி ஆட்டிலிருந்து பாசிக்குப் போனார் என்பதை இரண்டாம் தடவை, கொஞ்சம் கூடுதல் நயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு நடுநடுவே வேடிக்கை பேசினேன். எங்கள் கெட்டிக்காரத்தனம் எங்களுக்கே அவ்வளவு பிடித்திருந்தது.

வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. "சாமி."

இருளப்பசாமி எழுந்து நிலைப்படியில் நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். என் கையால் என் பிள்ளைக்கு வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அப்படி இல்லை என்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அழுவான், காலில் விழுவான், இல்லாவிட்டால் ராஜரத்தினத்தின் சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். மூன்றுக்கும் எனக்குச் சம்மதம்தான்.

"அப்ப அந்த விஷம் இன்னமும் தண்ணியிலதான் கெடக்கா?"

"கிடக்கறதுப்பா. இன்னும் சில வாரம் இருக்கும்" என்றார் சார்.

"மணி என்ன சாமி?"

"நாலு இருபத்தாறு. ஏன்?"

"நாலரைக்குக் காலனிக்குத் தண்ணி திறப்பாகளே! வால்வை அடைக்கச் சொல்லிட்டீகளா?"

துப்பறியும் நிபுணர் என் முகத்தைப் பார்த்தார். நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். காலையிலிருந்து ஊருணியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். ஆளைப் பிடித்தாயிற்று, தண்ணீரும் குடிக்கலாம் என்று லேப் எழுதிவிட்டது என்பதால் காலனிக் குழாய் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பிலிருந்து மாடத்தி இறக்கி வைத்த பானையில் கொதித்தது எந்தத் தண்ணீர் என்றுகூட நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் என்னை நானே அவ்வளவு கேவலமாக நினைத்தது கிடையாது.

இருளப்பசாமி எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. திரும்பி ஓடினான். கயிற்றைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள் இழுபட்டு, நாலடி தாண்டி விழுந்து, கயிற்றை விட்டார். "ஏலே, நில்லுலே! ஓடுதான், பிடிங்க!" என்று சமுத்திரம் கத்திக்கொண்டே துப்பாக்கி உறையைத் தடவினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பிலி சாரும் ஓடிவந்தார்.

லைன் வீடுகளின் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, தரையில் புரளும் கயிற்றோடு, பம்ப் ரூமுக்குள் பாய்ந்தான் இருளப்பசாமி. புதிதாகப் போட்டிருந்த ஆபரேட்டர் வால்வைத் திறக்க ஆரம்பித்திருந்தான். இவன் தோளால் அவனை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பினான். விலங்கு மணிக்கட்டைக் கிழித்தது. சக்கரத்தில் ரத்தம் பட்டது.

நாங்கள் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். கடைசியாக வந்த சமுத்திரம், உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனார்.

"கையைக் குடுப்பா. கழட்டி விடுதேன்."

இருளப்பசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

"செத்த இருங்க சார். இன்னும் ரெண்டு சுத்து இருக்கு."